ஹோவர்டில் அரசியல் அறிவியல்: ‘சிறுபான்மை ஸ்காலர்ஷிப்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

கேள்வி: கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இளநிலை அரசியல் அறிவியல் படிக்க என் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகத்தில் நம் பிள்ளைக்கு என்ன வேலை என்கிறார்கள் உறவினர்கள். கன்சல்டன்சிக்காரரோ, அங்கே இவள்தான் சிறுபான்மை, அதற்கென்று தனி ஸ்காலர்ஷிப் உண்டு, ஒன்றரை லட்சம் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்கிறார். படித்து முடித்ததும் மூன்று ஆண்டு அங்கேயே வேலை பார்க்கலாமாம். நம்பலாமா?
- ஓர் ஆசிரியர், கரூர்

பதில்: ஐயா, முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டாதீர்கள், மற்றவற்றை நிதானமாகப் பார்க்கலாம்.

உறவினர்களின் தயக்கத்துக்கு அடிப்படை இல்லை. கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு 1964-க்கு முன் நிறுவப்பட்ட கல்வி நிறுவனங்களையே வரலாற்றுக் கறுப்பினப் பல்கலைக்கழகங்கள் என்று அமெரிக்கச் சட்டம் குறிப்பிடுகிறது. அவை எதற்காகத் தோன்றின என்பதை அந்தப் பெயர் சொல்கிறதே தவிர, யாரைச் சேர்க்கலாம் என்பதை அல்ல. இவற்றில் படிப்போரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்லர். மேற்கு வர்ஜீனியாவிலுள்ள ப்ளூஃபீல்ட் ஸ்டேட்டில் வெள்ளையரே பெரும்பான்மை. 1867-ல் அமெரிக்க நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக வாஷிங்டனில் தோன்றிய ஹோவர்டும் எந்த இனத்தவருக்கும் கதவடைத்த நிறுவனம் அல்ல.

படிப்பின் தரம் குறித்தும் கவலை வேண்டாம். அங்கே அரசியல் அறிவியல் துறையை 1928-ல் தொடங்கியவர் ரால்ஃப் பன்ச். இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே 1949-ல் போர்நிறுத்த உடன்பாடுகளை உருவாக்கி, அடுத்த ஆண்டு நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியில் 1933-ல் பட்டம் பெற்ற தர்குட் மார்ஷல்தான், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றத்தைத் தீர்ப்புச் சொல்ல வைத்த வழக்கறிஞர். அரசமைப்பையும் வாக்குரிமையையும், அவை மறுக்கப்பட்டவர்களின் பக்கத்தில் நின்று பார்க்கும் மரபு அங்கே உண்டு. இட ஒதுக்கீட்டு வாதங்களைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அது அந்நியமாக இராது.

இனி, அந்தச் சிறுபான்மை ஸ்காலர்ஷிப். இது வெறுங்கையில் முழம் போடுவது என்றாலும், இதற்குப் பின்னால் ஓர் அரைகுறை உண்மை இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மிசிசிப்பி மாநில அரசு தன் கறுப்பினப் பல்கலைக்கழகங்களை வஞ்சித்தது என்று 1975-ல் தொடுக்கப்பட்ட வழக்கு, 1992-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், 2002-ல் சுமார் 50 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. ஆல்கார்ன் ஸ்டேட், ஜாக்சன் ஸ்டேட், மிசிசிப்பி வேலி ஸ்டேட் ஆகிய மூன்றும், தமக்கான அறக்கட்டளை நிதியைத் தாமே நிர்வகிக்க வேண்டுமானால், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மாணவர்களில் 10 விழுக்காட்டினர் பிற இனத்தவராக இருந்தாக வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. வஞ்சிக்கப்பட்டவர்களுக்கே நிபந்தனை விதித்த இந்த விந்தையால், அவை பிற இன மாணவர்களை உதவித்தொகை காட்டித் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அந்த ஏற்பாடு மிசிசிப்பியின் மூன்று அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. வாஷிங்டனில் இருக்கும் தனியார் நிறுவனமான ஹோவர்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கரூரில் ஒன்றரை லட்சம் கேட்பவருக்குச் சுத்தமாக இல்லை.

உதவித்தொகை உண்மையா என்பதைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டியதில்லை. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்ற படிவத்தின் முதல் பக்கத்தைக் கையில் எடுங்கள். கீழ்ப்பகுதியில் இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்று செலவு, மற்றொன்று அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இரண்டாவது பத்தியில் ‘பள்ளி தரும் நிதி’ (Funds From This School; பள்ளி என்பது இங்கே பல்கலைக்கழகம்) என்ற வரிக்கு எதிரே தொகை இல்லையென்றால், யார் என்ன சத்தியம் செய்தாலும் இன்றைய நிலையில் உதவித்தொகை இல்லை. உணவு, தங்குமிடம் சேர்த்து ஆண்டுச் செலவு 50,000 டாலரைத் தாண்டும். நான்கு ஆண்டுக்கு நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். அமெரிக்க அரசின் பெல் மானியமும் கல்விக் கடனும் மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கிடையாது. வீட்டை அடமானம் வைக்கும் முன் இந்த ஒரு பக்கத்தைப் பாருங்கள்.

அதே பக்கத்தில் பாடப்பிரிவுக்கான எண்ணும் இருக்கும். பொது அரசியல் அறிவியலுக்கு அது 45.1001. மூன்று ஆண்டு வேலை என்று உங்களிடம் சொல்லப்பட்டது, எல்லாருக்குமான 12 மாதப் பயிற்சி அனுமதியோடு, அறிவியல், தொழில்நுட்பப் பிரிவினருக்கு மட்டும் நீட்டிக்கப்படும் 24 மாதத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. இந்த எண் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு மாதந்தான். அரசியல் அறிவியல் படித்தவர்கள் இயல்பாக நாடும் அமெரிக்க மத்திய அரசுப் பணிகளோ பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியவை. ஹோவர்ட் நடத்தும் புகழ்பெற்ற ரேங்கல் வெளியுறவுப் பயிற்சித் திட்டமும் அப்படித்தான். கமலா ஹாரிஸ் ஓக்லண்டில் பிறந்த குடிமகள். அவர் போன பாதை உங்கள் மகளுக்கு அப்படியே திறந்திருக்காது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று விசா நேர்காணலில் மெய்ப்பிக்கச் சொல்லிவிட்டு, அங்கேயே வேலைக்கான அனுமதியையும் நீட்டிக் காட்டும் இந்த ஏற்பாட்டை வகுத்தவர்களுக்கு எது வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை; தரகர்கள் பிழைப்பது இந்த முரணில்தான்.

அவர்களின் பிழைப்பைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டு மாணவரைச் சேர்த்துவிட்டுத் தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்குவதை அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது; வெளிநாட்டு மாணவருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஒருவர் ஒரு கல்லூரியை வானளாவப் புகழ்ந்தாலோ, இன்னொன்றைக் காரணமில்லாமல் மட்டம் தட்டினாலோ, எந்தக் கல்லூரியிடமிருந்து அவருக்குத் தரகு வருகிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள்.

நிதி உதவி குறித்த கேள்விகளை உங்கள் மகளே பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்கட்டும். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆகியவற்றின் அசல்கள் அந்த மையத்தில் இருந்தால் இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள். ‘விசா வரும்வரை எங்களிடம் இருக்கட்டும்’ என்று அவர்கள் சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம் அப்படிக் கேட்டது, கடிதத்தைக் காட்டுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள்.