எரியும் கட்டடத்தில் நின்ற சிறுமி: மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஒரு வீடியோவில் 'வெம் டவுன்ஹால் பேய்' படத்தைப் பார்த்ததிலிருந்து தனியாகத் தூங்க மாட்டேன் என்கிறாள். "பேயெல்லாம் இல்லம்மா" என்றால், "அப்போ ஃபோட்டோவில எப்படி வந்துச்சு?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்ல?

பதில்: உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தராமல் அதட்டித் தூங்கவைத்தால் பயம் உள்ளேயே தங்கிவிடும். முழுக் கதையையும் சொல்லுங்கள்.

இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் பகுதியில் இருக்கும் சின்ன ஊர் வெம். 1995 நவம்பர் 19 அன்று அங்கே டவுன்ஹால் எரிந்தது. எதிர்ப்பக்கம் நின்று உள்ளூர்க்காரர் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால், புகைக்கு நடுவே வாசலில் ஒரு சிறுமி நிற்கிறாள்! ஊராருக்கு உடனே 1677 தீ விபத்து நினைவுக்கு வந்தது. ஜேன் சர்ம் என்ற சிறுமியின் மெழுகுவத்தி கூரையில் பட்டு, ஊரின் பெரும்பகுதி சாம்பலானதாக வரலாறு. வந்திருப்பது அவள்தான் என்று பேச்சு கிளம்பியது.

பிரிட்டனின் புகைப்படக்காரர் சங்கமான ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டியின் முன்னாள் தலைவர் ஒருவரும் அந்த நெகட்டிவை, அதாவது படம் பதிந்த ஃபிலிமைப் பார்த்து, அதில் யாரும் கைவைத்ததாகத் தெரியவில்லை என்றார். புகையும் வெளிச்சமும் சேர்ந்து உருவம் போலத் தெரியலாம் என்பது அவர் கருத்து. ஆனால் பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

நெகட்டிவ் சுத்தமாக இருந்தால் படம் உண்மையாகிவிடுமா? ஆகாது. நான் ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பார்த்தபோது, இறந்துபோன தாத்தாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்லி வருவார்கள். பழைய பிரிண்டிலிருந்து அவரைப் பிளேடால் வெட்டி எடுப்போம். ஓரம் தடிப்பாகத் தெரியாதபடி பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்குவோம். ஒட்டி, பிரஷ்ஷால் டச்சிங் செய்து, அதை மறுபடி கேமராவில் படம் பிடிப்போம். கிடைக்கும் புது நெகட்டிவில் ஒரு கீறல்கூட இருக்காது. அதனால் நெகட்டிவை மட்டும் பார்த்து நான் எதையும் நம்புவதில்லை; அந்த உருவம் வேறெங்காவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

வெம் விஷயத்திலும் முடிச்சு அப்படித்தான் அவிழ்ந்தது. 2010இல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று, 1922இல் எடுத்த வெம் தெருக் காட்சி அஞ்சலட்டையை அச்சிட்டது. அதன் இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறுமி நிற்கிறாள். அதே உடுப்பு, தலையில் அதே குல்லாய். ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் கண்ணில் அது பட்டுவிட்டது. தீயைப் படம் எடுத்தவர், தான் எதுவும் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். 2005இலேயே இறந்தும் போனார். ஆனாலும் இரண்டு சிறுமிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அஞ்சலட்டைப் பிள்ளையைத்தான் தீப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டு படங்களும் இணையத்தில் கிடைக்கும். ராத்திரியில் வேண்டாம். பகலில், மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் அஞ்சலட்டையைக் காட்டுங்கள். தெருவில் நிற்கும் அந்தப் பிள்ளையை அவளே கண்டுபிடிக்கட்டும். அப்புறம் பேய்ப் படத்தைத் திறங்கள்.