எல்க் டேக் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

அரிசோனாவில் இருக்கும் என் அக்கா மகன் பத்து வருஷத்துக்கு மேல் விண்ணப்பித்து, இந்த முறைதான் ‘புல் எல்க் டேக்’ கிடைத்ததாம். போனில் குதிக்கிறான். ஒரு மான் சுட இத்தனை ஆர்ப்பாட்டமா?
– வாசகி, ஓசூர்

ஆர்ப்பாட்டம் நியாயம்தான் அம்மா. எல்க் என்பது அமெரிக்காவின் பெரிய மான் வகை; ‘புல்’ என்றால் அதன் ஆண். டேக் என்பது ஒரு ஆள், ஒரு விலங்கு, குறிப்பிட்ட ஒரு காட்டுப் பகுதி, குறிப்பிட்ட சில நாட்கள் என்று கட்டம் போட்டுக் கொடுக்கும் அனுமதி. ஒவ்வொரு பகுதிக்கும் (யூனிட் என்பார்கள்) இத்தனைதான் என்று மாநில வனவிலங்குத் துறை முன்பே முடிவு செய்துவிடும். மீதியைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும்.

அரிசோனாவில் எல்க்குக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும். டேக் விழாத ஒவ்வொரு வருஷமும் ஒரு போனஸ் பாயிண்ட் சேரும். டேக்குகளில் 20 சதவீதம் அதிகப் பாயிண்ட் வைத்திருப்பவர்களுக்கு முதல் சுற்றிலேயே போய்விடும். மற்றவை பொதுக் குலுக்கல். அதில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரு எண் கூடுதலாக விழும். உங்கள் எண்களில் எது சிறியதோ அதுதான் கணக்கு; சிறிய எண்ணுக்கே முதல் வாய்ப்பு. வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீதத்துக்கு மேல் போகாது. டேக் விழுந்ததும் சேர்த்த போனஸ் பாயிண்ட் பூஜ்யமாகிவிடும். வேட்டைப் பயிற்சி முடித்ததற்கான ஒரு பாயிண்ட் நிலையாக நிற்கும். தொடர்ந்து 5 வருஷம் விண்ணப்பிக்காமல் விட்டாலும் சேர்த்தது போய்விடும்.

பலர் கோட்டை விடும் இடம் கூட்டு விண்ணப்பம். நான்கு பேர் வரை சேர்ந்து போடலாம், ஆனால் பாயிண்ட்டுகளின் சராசரிதான் எடுபடும். 12 பாயிண்ட் வைத்திருப்பவர் ஆசைக்கு ஒரு புது நண்பரைச் சேர்த்தால், கணக்கு 6 ஆகிவிடும்.

எந்த டேக் என்பதிலும் சேதி இருக்கிறது. செப்டம்பர் இணைசேரும் காலத்தில் துப்பாக்கி அனுமதிக்கும் ஆண் எல்க் டேக்குகள் மிகக் குறைவு. கிராண்ட் கேன்யனுக்குத் தெற்கே உள்ள யூனிட் 9 மாதிரி இடத்தில் அது விழுவது பெரிய யோகம். அந்த நாட்களில் ஆண் எல்க் சீழ்க்கை போல நீட்டிக் கூவி, தான் இருக்கும் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும். நவம்பர், டிசம்பரில் அதே விலங்கு வாய் திறக்காது.

காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு நியூ மெக்சிகோவில் பாயிண்ட் முறையே கிடையாது. எத்தனை வருஷம் காத்திருந்தாலும் குலுக்கல்தான்.

என் மகன் எச்-1பி விசாவில் இருக்கிறான். நண்பர்களோடு வேட்டைக்குப் போக நினைக்கிறான். துப்பாக்கியைத் தொடலாமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

லைசென்ஸ் கையில் இல்லாமல் தொடவே வேண்டாம். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்குள்ள விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை லைசென்ஸ். நண்பரின் ரைஃபிளை ஐந்து நிமிஷம் வாங்கிப் பிடிப்பதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில் வரலாம். அரிசோனா லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். அது முடிந்த பிறகும் துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருந்தால் சிக்கல்தான், விசாவே போகக்கூடும். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வில் அம்பு இந்தச் சட்டத்தில் துப்பாக்கி ஆகாது, ஆனால் அதற்கும் லைசென்ஸும் டேக்கும் வேண்டும்.

எல்க் என்பது நம்ம கடமான்தானா?
– மாணவர், பாலக்கோடு

இல்லை, உறவுக்காரன். வளர்ந்த ராக்கி மலை ஆண் எல்க் சுமார் 300 கிலோ, பெட்டை 225 கிலோ இருக்கும். நம் கடமான் ஆண் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். எல்க்கின் கொம்பு வருஷந்தோறும் விழுந்து புதிதாக முளைக்கும். கோடையில் ஒரு நாளைக்கு 2.5 சென்டிமீட்டர் வரைகூட வளரும்.

நான் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கிறேன். 300 கிலோ மிருகத்தை மலை மேல் சுட்டால், வண்டி போகாத இடத்திலிருந்து கறி கெடாமல் எப்படி இறக்குகிறார்கள்?
– வாசகர், பென்னாகரம்

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி. சுடுவது பாதி வேலைகூட இல்லை.

முதலில் டேக்கை விலங்கில் கட்ட வேண்டும், கத்தி அதற்குப் பிறகுதான். அடுத்த எதிரி சூடு. எல்க்கின் தோல் கனமானது, கழுத்தில் அடர்ந்த பிடரி மயிர் வேறு. வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே உடல்சூடு அடைபட்டே கிடக்கும். முதலில் கெடுவது பின்தொடை எலும்பு இடுப்போடு சேரும் பந்துமூட்டு. மேலே கறி சிவப்பாகவே தெரியும். அங்கே கத்தி இறங்கியதும் பச்சை நிறமும் நாற்றமும் அடிக்கும். இரவு நேரமாகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோலோடு விட்டுப் போனவர்களுக்கு இது வழக்கமாகக் கிடைக்கும் பரிசு.

இப்போது பலர் குடலைத் திறக்காமலே அறுக்கிறார்கள். விலங்கை ஒருபக்கமாகச் சாய்த்து, முதுகுத்தண்டின் மேல் கழுத்திலிருந்து வால் வரை தோலைக் கீறி, வயிற்றுப் பக்கம் உரித்துத் தள்ளுவார்கள். உரித்த தோலே கறிக்கு விரிப்பாகிவிடும். முன்சப்பை உடம்போடு எலும்பு மூட்டால் சேர்ந்திருக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே, கத்தி வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பின்தொடை, முதுகுக்கறி, கழுத்துக்கறி. உள்முதுகுக் கறியைக் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் சிறிதாகக் கீறி, குடலை ஒரு கையால் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு விரலாலேயே பிரித்து எடுப்பார்கள். பிறகு புரட்டிப் போட்டு மறுபக்கம். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டி இருக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி உண்டு; அவசரத்தில் அதை வெட்டி எறிந்து அபராதம் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

எடுத்த கறி காற்றுப் புகும் துணிப்பையில் போய், நிழலில் மரக்கிளையில் தொங்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் போட்டால் சூடும் ஈரமும் சேர்ந்து புழுங்கிவிடும். ஓடைத் தண்ணீரில் கழுவுவதும் தப்பு. மேல்தோல் காய்ந்து ஒரு பொருக்குக் கட்டினால்தான் ஈயும் கிருமியும் அண்டாது. கரடி உள்ள காடானால், குடல் கிடக்கும் இடத்திலிருந்து 100 மீட்டராவது தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணுக்குப் படும்படி தொங்கவிடுவது நல்லது.

எலும்போடு ஒரு பின்தொடை மட்டும் 25 முதல் 30 கிலோ. எலும்பு நீக்கினால் ஒரு பெரிய ஆணில் மொத்தம் சுமார் 90 முதல் 110 கிலோ கறி தேறும். ஒரே ஆள் என்றால் முதுகில் நான்கைந்து நடை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பள்ளத்தாக்கின் அடியில் நிற்கும் விலங்கைச் சுடுவதற்கு முன் மேலே ஏற வேண்டிய தூரத்தைப் பார்க்கிறார்கள். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு கறியை விட்டுவிட்டு வந்தால் அது குற்றம்.

அந்தக் கறியில் உப்புக்கண்டம் போடலாமா?
– வாசகி, தருமபுரி

தாராளமாக. எல்க் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, காயவைப்பதற்கு ஏற்றது. பாதி உறைந்த நிலையில் வெட்டினால் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக வரும். கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள். நம் ஊர் வெயில் அங்கே வராது. முதலில் மின்அடுப்பில் (ஓவன்) கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும், பிறகு 55 முதல் 60 டிகிரியில் உலர்த்தலாம். நேராக உலர்த்தும் பெட்டியில் வைத்தால் கிருமி சாகாமல் காய்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: மான் இனத்தை உருக்கி மெலியவைக்கும் ‘சி.டபிள்யூ.டி.’ என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. அதன் காரணி சமைத்தால் அழியாது. நோயுள்ள பகுதியில் சுட்டதென்றால் நிணநீர் முடிச்சைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே சட்டி வைக்க வேண்டும்.

கொம்பை இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா? எங்கள் தாத்தா காலத்துக் கடமான் கொம்பும் வீட்டில் இருக்கிறது.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

கொம்பு, தோல், கறி மூன்றையும் பெட்டியில் வைக்கவே வேண்டாம்; சுங்கத்தில் நின்றுவிடும். போட்டோ போதும். தாத்தா கொம்புக்கு உரிமைச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இப்படிப்பட்டவற்றை அறிவிக்க 2003இல் அவகாசம் கொடுத்தார்கள். சான்று இல்லையென்றால் வக்கீலைக் கலந்துகொண்டு வனச்சரக அலுவலகத்தை அணுகுங்கள். விற்பது, பரிசாகக் கொடுப்பது இரண்டும் கூடாது. காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பைப் பொறுக்கி வருவதும் நம் நாட்டில் குற்றமே.

அங்கே சீட்டு வாங்கிச் சுடலாம். எங்கள் ராகிக் காட்டை உழுதுபோடும் பன்றியை நாங்கள் சுடக்கூடாதா?
– விவசாயி, அஞ்செட்டி

கோபம் புரிகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதை மூடிவிட்டது. காட்டுப்பன்றிக்காக 2025இல் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்வார்கள். காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்களை ஒட்டிய உங்கள் பக்கத்தில் பல நிலங்கள் முதல் எல்லைக்குள்ளேயே வந்துவிடும். அவுட்டுக்காயும் (இரைக்குள் வைக்கும் நாட்டு வெடி) திருட்டு மின்வேலியும் பன்றியோடு யானையையும் ஆளையும் கொல்லும், வழக்கும் தப்பாது. பயிர் அழிந்தால் அன்றே போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள். உழுது சரிசெய்த பிறகு போனால் ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட எதுவும் இருக்காது.