கொரோனா வந்தால் கல்லீரலும் பாதிக்கப்படுமா?

காய்ச்சல் விட்ட நிம்மதியோடு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்தால் எஸ்ஜிபிடி (கல்லீரல் நொதி) 92 என்று தடித்த எழுத்தில் இருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் பயம் எனக்கு நன்றாகவே புரிகிறது.

பாதிக்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு லேசாகத்தான். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதிகள், செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். ஏறக்குறைய 40 வரை இயல்பு என்பார்கள் (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்). கொரோனாவில் இது இரண்டு மடங்கு வரை ஏறுவது சகஜம், சில வாரங்களில் தானாக இறங்கிவிடும். எஸ்ஜிஓடி தசையிலும் உண்டு என்பதால், உடம்பு அடித்துப்போட்டது போல வலித்தவர்களுக்கு அது தசையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம்.

வைரஸ் ஒட்டிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பி பித்தநாளச் (கல்லீரலிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய்) செல்களில்தான் அதிகம், கல்லீரல் செல்களில் குறைவு. நோய் கடுமையாகும்போது ஆக்ஸிஜன் குறைவும் உடல் முழுக்கப் பரவும் அழற்சியும் சேர்ந்துதான் கல்லீரலைப் பெரும்பாலும் அடிக்கின்றன. அப்புறம் மருந்துகள்: கொரோனாவுக்குக் கொடுக்கும் ரெம்டெசிவிர், டோசிலிசுமாப் இரண்டுமே நொதிகளை ஏற்றலாம். பாராசிட்டமாலும்தான். நான் 650 மில்லிகிராம் மாத்திரையை நாளைக்கு நான்கு போட்டுக்கொண்டிருந்தேன், கூடவே சளி மாத்திரை மூன்று. அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான் சளி மாத்திரையிலும் 500 பாராசிட்டமால் இருப்பது தெரிந்தது. கூட்டினால் 4,100. பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000 தான், கல்லீரல் நோய் இருந்தால் இன்னும் குறைவு. தயவுசெய்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

ஏற்கெனவே சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய்) இருப்பவர்களுக்குக் கொரோனா உண்மையிலேயே ஆபத்து. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஸ்டீராய்டு கொடுக்கும்போது அடங்கிக் கிடந்த அந்த வைரஸ் மறுபடி கிளம்பலாம். ஐசியூவில் நெடுநாள் இருந்தவர்களில் மிகச் சிலருக்குப் பித்தநாளங்கள் சேதமாகி, மாதங்கள் கழித்தும் மஞ்சள் காமாலை நீடிக்கும். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, வயிறு வீங்கினாலோ, பேச்சு குழம்பினாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

அதெல்லாம் இல்லையென்றால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள், பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), ஆல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்) இரண்டையும் சேர்த்து. எனக்கு எஸ்ஜிபிடி ஆறாவது வாரம் 58க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் கொழுப்புக் கல்லீரல் தெரிந்தது, கொரோனாவுக்கு முன்பே இருந்திருக்கும் என்றார் மருத்துவர். இப்போது அதற்குத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.