உப்புத்தாள் போன்ற தோல்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், எனக்கு 19 வயது. மேற்கையின் வெளிப்புறம் முழுவதும் பொடிப்பொடியாகப் புடைத்து, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்கிறது. வலியோ அரிப்போ இல்லை. இது பருவா, தொற்றா?

பதில்: இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், இது கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்னும் தீங்கற்ற தோல் நிலையாகவே தெரிகிறது. தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்னும் புரதம் உதிராமல் தங்கி, மயிர்க்காலின் வாயைத் தக்கைபோல அடைத்துக்கொள்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தால், சில புடைப்புகளுக்குள் மெல்லிய முடியொன்று சுருண்டு கிடப்பதைக் காணலாம். கிருமியால் வருவதன்று என்பதால் யாருக்கும் ஒட்டாது. பல குடும்பங்களில் வழிவழியாக வருவது இது. அம்மாவின் கையையோ அப்பாவின் கையையோ ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கேள்வி: பீர்க்கங்கூட்டால் தினமும் அழுத்தித் தேய்த்தும் போகவில்லை, கை கறுத்ததுதான் மிச்சம். தை மாதம் எனக்குத் திருமணம்.

பதில்: தேய்த்ததால்தான் கறுத்திருக்கிறது. நம் மாநிறத் தோலில் சிறிய அழற்சிகூட மாதக்கணக்கில் கருந்தடத்தை விட்டுச் செல்லும். பீர்க்கங்கூட்டை இன்றே ஒதுக்கிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காயுமுன், யூரியா 10 முதல் 20 சதவீதமோ லாக்டிக் அமிலம் 12 சதவீதமோ கலந்த க்ரீமைப் பூசுங்கள். மழித்த அன்று பூசினால் எரியும். சொரசொரப்புக் குறையப் பல வாரங்கள் ஆகும். கறுப்பு அதைவிட மெதுவாகத்தான் மங்கும். பனிக்காலத்தில் தோல் வறண்டு இது கூடும் என்பதால், மார்கழியில் ஒரு நாளும் விடாமல் பூசுங்கள். பூசுவதை நிறுத்தினால் புடைப்பு திரும்பிவிடும். ஆனால் வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே குறைகிறது.

கேள்வி: இதே புடைப்புக்காக ரெட்டினாய்டு என்னும் வைட்டமின் ஏ வகை க்ரீம் பூசி வருகிறேன். இப்போது கர்ப்பமாக இருக்கிறேன். தொடரலாமா?

பதில்: வேண்டாம், நிறுத்திவிடுங்கள். அடுத்த பரிசோதனையின்போது, அதைப் பூசிவந்ததை உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: என் 6 வயது மகனுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் முள்முள்ளாக இருக்கிறது. வைட்டமின் ஏ குறைவு என்கிறார்கள். மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். முழங்கையிலும் முழங்காலிலும் தொடங்கும் முள் போன்ற புடைப்பு ஊட்டச்சத்துக் குறைவாலும் வரக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்து, அளவு மீறினால் நஞ்சாகும். வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரலாம் என்பதால், அந்தி சாய்ந்தபின் மங்கிய வெளிச்சத்தில் பையன் தடுமாறுகிறானா என்று கவனித்து, அதையும் சொல்லிக் குழந்தை மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.