இம்பிளான்ட் பல்லில மெசின் படலாமோ?

கேள்வி: டொக்டர், கொழும்பில கீழ்க் கடைவாயில ஒரு இம்பிளான்ட் பல்லு (தாடையெலும்பில டைட்டேனியம் ஆணி இறுக்கி அதுக்கு மேல பூட்டுற செயற்கைப் பல்லு) வைச்சனான். போன கிழமை திருமலையில ஒரு கிளினிக்கில பல்லுக் காரை எடுக்கிற ஸ்கேலிங் செய்யேக்க அந்தப் பல்லிலயும் மெசினை வைச்சு கிறீச் எண்டு இழுத்தவை. கனடாவில இருக்கிற மகள் "அப்பா, டைட்டேனியத்தில இரும்பு படக்கூடாது, இனி அது கழண்டிடும்" எண்டு பயப்பிடுத்துறா. உண்மையோ?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: கழண்டு விழாது ஐயா. ஆனா மகள் சொன்னதில பாதி சரி.

எந்த இடத்தில பட்டதெண்டுறதுதான் விசயம். வெளியில தெரியிற பல்லு பெரும்பாலும் போர்சலின் இல்லாட்டி சேர்க்கோனியா எண்ட பீங்கான் வகை, டைட்டேனியம் முரசுக்குக் கீழதான் கிடக்கு. மேல பட்டிருந்தா ஒரு கறுப்புக் கோடு விழும், பொலிஷ் பண்ணினா அனேகமாப் போயிடும். கீழ கழுத்துப் பக்கம் போயிருந்தா கீறு விழும், ஏனெண்டா ஸ்டீல் டைட்டேனியத்தை விடக் கடினம். டைட்டேனியத்துக்கு மேல மெல்லிய ஒக்சைட் படை ஒண்டு இருக்கு, எலும்பு அதோட ஒத்துப்போறதே அந்தப் படையாலதான். நொன்ஸ்டிக் தாச்சி மாதிரி உரிஞ்சது உரிஞ்சதுதான் எண்டில்லை, அந்தப் படை உடன திரும்ப வந்திடும், ஆனா கீறின பள்ளம் போகாது, சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினா கிருமி ஒட்டுறது கூடத் தொடங்கும்.

அப்ப பிளாஸ்டிக் கைக்கருவிதான் நல்லமெண்டு கனபேர் நினைக்கினம், எனக்கு அதில பெரிய நம்பிக்கை இல்லை. கீறாது, சரி, ஆனா இறுகின காரையை அசைக்காது, அதோட தன்ர துகளையும் இம்பிளான்ட்டில ஒட்ட விட்டிட்டு வரும். இறுகின காரைக்கு டைட்டேனியம் கியூரெட் (கையால சுரண்டுற கருவி) இல்லாட்டி பீக் எண்ட கடினமான பிளாஸ்டிக் முனை போட்ட, அதிர்வால காரையை உடைக்கிற அல்ட்ராசொனிக் மெசின், மெல்லிய அழுக்குக்கு காத்தோட தூள் அடிக்கிறது. தூளிலயும் வித்தியாசம் இருக்கு: கிளைசீன் தூளின்ர மணி கிட்டத்தட்ட 25 மைக்ரோமீட்டர், எரித்ரிட்டோல் தூளின்ர மணி 14, ரெண்டும் மெதுவானது, சோடாத் தூள் கரடு, அதை இம்பிளான்ட்டுக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. கதிரையில ஏற முதலே "எனக்கு இம்பிளான்ட் இருக்கு" எண்டு வாயைத் திறந்து சொல்லோணும், பாத்தா சொந்தப் பல்லு மாதிரித்தானே இருக்கும்.

ஒண்டு, கீறிடும் எண்டு பயந்து கிளீன் பண்ணாம விட்டிடாதேங்கோ, கீறலை விட அழுக்கு மோசம். முரசு வீங்கி ரத்தம் வாறது மட்டுமெண்டா சுத்தம் செய்ய அடங்கும், எலும்பு கரையத் தொடங்கிட்டுதெண்டா திரும்ப எடுக்கிறது கஷ்டம். சுகர் இருந்தா, சிகரெட் பழக்கம் இருந்தா இன்னும் கவனம். இப்ப ரத்தமோ சீழோ இல்லையெண்டா அடுத்த செக்கப்பில ஒரு எக்ஸ்ரே எடுத்து, பல்லு வைச்ச நேரம் எடுத்த படத்தோட ஒப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. பழைய படம் இல்லையெண்டா கொழும்பில கேட்டு எடுப்பியுங்கோ, இம்பிளான்ட் என்ன கொம்பனி, என்ன சைஸ் எண்ட விபரத்தையும் சேர்த்து.

கேள்வி: இம்பிளான்ட் இருக்கிற அம்மாவுக்கு புளோரைட் ஜெல் பூசலாமோ?
- வாசகி, நிலாவெளி

பதில்: அமிலம் கூடின ஜெல் வேண்டாம் பிள்ளை, அது டைட்டேனியத்தை அரிக்கும். அமிலமில்லாத ஜெல் எண்டு கேட்டுப் பூசுங்கோ. வீட்டுப் பற்பசையில இருக்கிற புளோரைட்டுக்குப் பயப்பிடத் தேவையில்லை.