பிலிப்பைன்ஸில் ஆஸ்பத்திரி, பில், டெபாசிட்: கேள்வி பதில்

கேள்வி: மணிலாவில் வேலை. கம்பெனி கொடுத்த எச்.எம்.ஓ. கார்டு, அதாவது மருத்துவச் செலவை ஏற்கும் தனியார் திட்டத்தின் கார்டு, இருக்கிறது. அட்மிட் ஆனால் கைக்காசு போகுமா?

போகலாம். ஆஸ்பத்திரி எச்.எம்.ஓ. பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கிற டாக்டரும் இருக்க வேண்டும். அங்கே டாக்டர் ஃபீஸ் தனி, ஆஸ்பத்திரி பில் தனி. ஆபரேஷன் என்றால் சர்ஜனை விசாரிப்பவர்கள் மயக்க மருந்து டாக்டரை மறந்துவிடுகிறார்கள். கார்டில் உள்ளதைவிட உயர்ந்த அறை எடுத்தால் வாடகை வித்தியாசத்தோடு டாக்டர் ஃபீஸும் ஏறலாம். சேர்ந்த அன்றே எச்.எம்.ஓ.வின் ஒப்புதல் கடிதத்தை, அதாவது எல்.ஓ.ஏ.வை, வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பில்ஹெல்த்துக்கு, அதாவது அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீட்டுக்கு, சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு அது கிடைக்குமா?

முறையாகப் பதிவாகி, சந்தாவும் கட்டியிருந்தால் கிடைக்கும். கம்பெனி கையெழுத்திட்ட கிளெய்ம் படிவத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே பில்லிங்கில் கொடுத்தால் அங்கேயே கழித்துவிடுவார்கள். மொத்த பில்லையும் கழிக்காது, நோய்க்கு இவ்வளவு என்று வகுத்த தொகையைத்தான். டாக்டர் ஃபீஸில் அதன் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் எம்.டி. (அங்கே டாக்டராவதற்கான முதல் பட்டம்) படிக்க எந்தக் காலேஜ் நல்லது?

இங்கே ஆஸ்பத்திரிக் கேள்விகள் மட்டும். சேரும் முன், இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையமான என்.எம்.சி. வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர்களுக்கு வைத்த 2021 விதிகளைப் படியுங்கள்.

கேள்வி: தெருநாய் கடித்து ரத்தம் வந்துவிட்டது. ஊருக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே விலங்குக் கடி சிகிச்சை மையத்துக்குப் போங்கள். ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிகுந்தது. ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசியும் போட வேண்டும். தடுப்பூசி 0, 3, 7ஆம் நாட்களில். 28ஆம் நாள் வேண்டுமா என்பதை மையம் சொல்லும். பக்கத்து வீட்டில் பூண்டு தேய்க்கச் சொல்வார்கள். தேய்க்காதீர்கள்.

கேள்வி: டெபாசிட் கட்டாமல் சேர்க்க மாட்டார்களாமே?

எமர்ஜென்சியில் கேட்கக் கூடாது. 2017இல் வந்த குடியரசுச் சட்டம் 10932 அதற்குச் சிறைத் தண்டனையே வைத்திருக்கிறது.

ஒரு நண்பரின் மறுப்பு: அப்படியானால் எந்த நோயாளியிடமும் கேட்கக் கூடாதுதானே? சட்டம் இருக்கும்போது ஏன் பணம் தயார் செய்யச் சொல்கிறீர்கள்?

சட்டத்தை முழுக்கப் படியுங்கள். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்தான நிலை, பிரசவ அவசரம், இவற்றுக்குத்தான் அது. நாள் குறித்துச் செய்யும் ஹெர்னியா ஆபரேஷனுக்கு டெபாசிட் கேட்டால் சட்டம் காப்பாற்றாது. நிலைமை சீரான பிறகு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றவும் வழி இருக்கிறது.

அதே நண்பர்: பில் கட்டாவிட்டால் பிடித்து வைக்க முடியாது என்று 2007 சட்டம் சொல்கிறதே?

சொல்கிறது, குடியரசுச் சட்டம் 9439. சும்மா எழுந்து போகலாம் என்று சொல்லவில்லை. கட்ட முடியாதவர் கடன் பத்திரம் எழுதி, அடமானமோ பொறுப்பேற்க ஒருவரோ காட்ட வேண்டும். முக்கியமான வரியை விட்டுவிட்டீர்கள்: தனி அறையில் தங்கியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எச்.எம்.ஓ. நம்பிக்கையில் தனி அறை எடுத்து, கார்டின் வரம்பு தாண்டிய பிறகு இந்தச் சட்டத்தைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

கேள்வி: டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?

காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அதிகச் சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் உடனே எமர்ஜென்சி. பாராசிட்டமால் மட்டும், ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

கேள்வி: கார்டு இருந்தால் எல்லாமே இலவசம்தானே?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள். டாக்டர் ஃபீஸ் தனி.