குன்னூரிலிருந்து வெளிநாட்டுப் பள்ளிக்கு: முகவர் கேட்கும் ஒன்றரை லட்சத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: குன்னூரில் ஓர் உறைவிடப் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறேன். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்தவள். ஐ.எஸ்.சி. பாடத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள் எடுக்கிறேன். பெண்கள் விடுதிப் பொறுப்பும் உண்டு. வெளிநாட்டில் ஒரு சர்வதேசப் பள்ளியில் சேர ஆசை. கோவையில் ஒரு முகவர் துபாயில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறார். என் அசல் சான்றிதழ்களையும் வாங்கி வைத்துக்கொண்டார். கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஏழு வயது மகளைக் கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஹட்டியில் (கிராமத்தில்) அம்மாவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் முதலில் போகலாமா?

பதில்: முதலில் சான்றிதழ்கள். இந்த வாரமே கோவைக்குப் போய் அவற்றைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள். எந்த நல்ல பள்ளியும் நகலைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அசல் தேவைப்படுவது ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, அரசு முத்திரைகள் வாங்குவதற்காக மட்டுமே. வேலை கிடைப்பதற்கு முன்பே அசலைக் கேட்பவர், நீங்கள் மனம் மாறினால் பிடித்து இழுக்க ஒரு கயிறு வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார். எனக்கு இது அனுபவம். இளம் வயதில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளி என் பி.எட். சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டது. அதை மீட்பதற்குள் கையிலிருந்த ஒரு நல்ல வாய்ப்பு போய்விட்டது. அன்றிலிருந்து அசலை யாரிடமும் ஓர் இரவுகூட விட்டதில்லை.

அடுத்து பணம். இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலை தேடுபவரிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பதிவு எண்ணைக் கேளுங்கள். அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைப் பணியாளரிடம் வசூலிக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆக, ஒன்றரை லட்சம் என்பது இரண்டு நாட்டுச் சட்டத்துக்கும் பொருந்தாத தொகை. கொடுக்காதீர்கள்.

முகவர் இல்லாமல் எப்படிப் போவது என்று கேட்பீர்கள். சர்வதேசப் பள்ளிகள் ஆசிரியர்களைத் தேடும் இடங்கள் வேறு. சர்ச் அசோசியேட்ஸ், ஐ.எஸ்.எஸ்., ஷ்ரோல், டீச்சர் ஹொரைசன்ஸ், பிரிட்டனிலிருந்து வரும் டெஸ் ஆகிய இணையதளங்களில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வருகின்றன. இவற்றுக்கு முக்கிய வருமானம் பள்ளிகள் தரும் பணம். சிலவற்றில் ஆசிரியருக்கும் பதிவுக் கட்டணம் உண்டு, ஆனால் அது லட்சக்கணக்கில் போகாது. பள்ளியின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பிக்க ஒரு காசும் ஆகாது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பள்ளி என்று நம் ஊரில் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வளைகுடா நாடுகளில் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம் நடத்தும் இந்தியப் பள்ளிகள் ஏராளம். அங்கே உங்கள் அனுபவத்தை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். வேலையும் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் சம்பளம் சிறியது, வகுப்பில் கூட்டம் அதிகம், வாடகை போக மிஞ்சுவது பல நேரம் குன்னூரில் மிஞ்சுவதை விடக் கொஞ்சம்தான் கூடுதல். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியும், இன்டர்நேஷனல் பாக்கலாரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் ஐ.பி. பள்ளியும் வேறு உலகம். அங்கே வீடு, ஆண்டுக்கொரு விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, பிள்ளையின் கல்விக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் சம்பளத்தோடு வரும். நீங்கள் ஆசைப்படுவது இந்த இரண்டாவது வகை. முகவர் உங்களை அனுப்ப நினைப்பது அநேகமாக முதல் வகை.

அந்த இரண்டாவது வகைப் பள்ளிகளில் பாஸ்போர்ட்டின் நிறம் பார்க்கிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒரே பாடம், ஒரே தகுதி இருந்தும் மேற்கத்திய நாட்டவருக்கு ஒரு சம்பளம், நமக்கு ஒரு சம்பளம் என்று வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. இது அநியாயம். ஆனால் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவருக்கு இந்தச் சுவர் உயரம், இயற்பியலும் கணிதமும் கற்பிப்பவருக்கு மிகத் தாழ்வு. உயர்வகுப்பு இயற்பியலுக்கு நல்ல ஆசிரியர் கிடைப்பது எல்லா நாட்டிலும் சிரமம். இங்கிலாந்தே 2023 பிப்ரவரியில், தன் நாட்டு ஆசிரியர் தகுதியான கியூ.டி.எஸ்.-ஐப் பெற நேரடியாக விண்ணப்பிக்கும் வாய்ப்பை இந்தியா உள்ளிட்ட ஒன்பது நாட்டு ஆசிரியர்களுக்குத் திறந்துவிட்டது. இந்தியர்களுக்கு அது கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களுக்குத்தான். நீங்கள் அந்த வரம்புக்குள் வருகிறீர்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒரு தகுதி கையில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

உங்களிடம் குறைவது ஒரே ஒரு படி: ஐ.பி. அல்லது கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் கற்பித்த அனுபவம். அதைத் தேடித் துபாய்க்குப் போக வேண்டியதில்லை, அது நம் மலைகளிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-இல் தொடங்கியது, ஐ.பி. டிப்ளமாவை இந்தியாவுக்கு 1976-இல் முதலில் கொண்டுவந்தது அதுதான். உதகையில் குட் ஷெப்பர்டு, ஹெப்ரான் போன்ற பள்ளிகளில் வெளிநாட்டுப் பாடத்திட்டங்கள் நடக்கின்றன. இவற்றில் ஒன்றில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வெளியே போகிறவருக்கும், நேராக ஐ.எஸ்.சி.யிலிருந்து போகிறவருக்கும் கிடைக்கும் அழைப்புகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் உண்டு. உதகைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வர முடிகிற தூரத்தில் இருக்கும் நீங்கள் இந்த வழியை முதலில் முயல வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மகளும் கணவரும் இருக்கிற இடத்திலேயே இருப்பார்கள்.

இதற்கிடையில் பாடத்தைப் படித்துவிடலாம். கேம்பிரிட்ஜில் பத்தாம் வகுப்பு அளவிலான ஐ.ஜி.சி.எஸ்.இ. இயற்பியலின் எண் 0625, பன்னிரண்டாம் வகுப்பு அளவிலான ஏ லெவலின் எண் 9702. பழைய வினாத்தாள்களை எடுத்து, மதிப்பெண் திட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். பாட ஆழத்தில் ஐ.எஸ்.சி. எதற்கும் குறைந்ததல்ல, கேள்வி கேட்கும் விதம்தான் வேறு. வரையறையை எழுது என்பதோடு நிறுத்த மாட்டார்கள். ஓர் அட்டவணையைக் கொடுத்து, இந்த அளவீட்டில் பிழை எங்கே வந்திருக்கும் என்று கேட்பார்கள். ஐ.பி. டிப்ளமா இயற்பியலில் மாணவர் தானே ஒரு கேள்வியை எழுப்பிச் செய்யும் ஆய்வுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். அந்த ஆய்வை வழிநடத்தத் தெரிந்தவரா என்றுதான் நேர்காணலில் நோண்டுவார்கள்.

இங்கேதான் நம் ஆசிரியர்கள் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்தில் "ஒன்பது ஆண்டும் நூறு சதவீதத் தேர்ச்சி" என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவருக்கு அதில் உங்கள் முகம் தெரிவதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு பாடத்தை எப்படி நடத்தினீர்கள் என்று எழுதுங்கள். உங்களுக்குக் கண்ணெதிரே இருக்கும் ஆய்வுக்கூடம் சமவெளி ஆசிரியருக்கு இல்லை. உதகையில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறக்குறைய 99. விடுதிச் சமையலறையில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று ஒரு மாணவி கேட்டாலே அழுத்தம், கொதிநிலை, பிழைமதிப்பீடு எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். குன்னூர் நிலையத்தில் நின்று பாருங்கள்: கல்லாரிலிருந்து ஏறிவரும் மலை ரயில், பன்னிரண்டு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் உயரும் சரிவைப் பல்தண்டவாளத்தைக் கடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. வெறும் உராய்வு அதற்கு ஏன் போதவில்லை என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லியிருந்தால், அதை எழுதுங்கள். எந்த மாணவர் எங்கே தடுமாறினார், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். நான் ஆசிரியர் தேர்வுக் குழுவில் உட்கார்ந்த நாட்களில் இப்படி ஒரு அரைப் பக்கத்துக்காகவே பலரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறோம்.

விடுதிப் பொறுப்பையும் ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு வீட்டு நினைவில் அழும் பிள்ளையோடு உட்கார்ந்தது, மழைக்காலத்தில் காய்ச்சல் பரவியபோது பெற்றோரிடம் பேசியது, ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணத்துக்கு நாற்பது பேரை அழைத்துப்போய் நாற்பது பேரையும் திரும்பக் கொண்டுவந்தது ஆகியவை நாம் வேலை என்றே கணக்கில் வைக்காத வேலைகள். உறைவிடச் சர்வதேசப் பள்ளிகள் ஆளைத் தேடுவதே இவற்றுக்காகத்தான். அதோடு குழந்தைப் பாதுகாப்பு இன்று நேர்காணலின் நடுநாயகமான பகுதி. 2014-இல் சர்வதேசப் பள்ளிகளின் அமைப்புகள் சேர்ந்து இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தன. அதன்பின் பின்னணி விசாரணை மிகவும் கடுமையாகிவிட்டது. ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லி ஒன்றைச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். ரகசியம் காப்பேன் என்று சொல்லிவிடாதீர்கள். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்று பிள்ளையிடம் அன்போடு சொல்லி, பொறுப்பு அலுவலரிடம் அன்றே தெரிவிப்பேன் என்பதே சரியான பதில்.

பின்னணி விசாரணை என்றதும் உங்கள் பள்ளி முதல்வர் நினைவுக்கு வர வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிகள் நீங்கள் கொண்டுபோகும் நன்னடத்தைச் சான்றிதழைப் பெரிதாகப் பார்ப்பதில்லை; முதல்வருக்கே நேரடியாக ஒரு ரகசியப் படிவத்தை அனுப்பிக் கேட்கும். தெரிந்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைத்துவிட்டு, கடைசி நேரத்தில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். கல்வியாண்டு முடியும்வரை இருப்பேன், மாற்று ஆசிரியருக்குப் பாடக்குறிப்புகளை ஒப்படைப்பேன் என்ற உறுதியோடு சொன்னால் பெரும்பாலான முதல்வர்கள் உதவவே செய்கிறார்கள்.

எப்போது விண்ணப்பிப்பது? நாம் கோடை விடுமுறையில், மலர்க் கண்காட்சிக் கூட்டம் உதகையை நிறைக்கும் மே மாதத்தில்தான் வேலை தேடத் தொடங்குகிறோம். அதற்குள் அங்கே பந்தி முடிந்து இலை எடுத்திருப்பார்கள். ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் அக்டோபர், நவம்பரிலேயே தம் ஆசிரியர்களிடம் அடுத்த ஆண்டு இருப்பீர்களா என்று கேட்டுவிடும். நவம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல இடங்கள் நிரம்பும். செப்டம்பருக்குள் உங்கள் விண்ணப்பம் தயாராக இருக்கட்டும். காணொளி நேர்காணல் வந்தால் அன்று கோவையில் ஓர் உறவினர் வீட்டில் இருந்து பேசுங்கள். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மின்சாரத்தை நம்ப வேண்டாம்.

பெயர் விஷயத்தை இன்றே சரிபாருங்கள். தமிழர்களுக்கு அதிகம் வரும் தலைவலி இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அது விரிந்து முழுப்பெயர், திருமணத்துக்குப் பின் வாங்கிய ஆவணத்தில் கணவர் பெயர். மூன்றும் ஒருவரே என்பது நமக்குப் புரியும், தூதரக அலுவலருக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் நிரப்பிவிடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு 2022 நவம்பர் முதல் அமீரகம் கெடுபிடி காட்டுகிறது. மற்ற வேறுபாடுகளுக்கு நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அட்டஸ்டேஷனை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அரசு முத்திரை வாங்குவதைப் பொறுத்தவரை, பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம். ஓமன் போல அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் ஏற்கும் ஒப்பந்தத்தில்) உள்ள நாட்டுக்கு அதோடு முடிந்தது. அமீரகத்துக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். காவல்துறை நற்சான்றிதழுக்கு நீலகிரிக்காரர்கள் கோவை பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லையில் வருகிறார்கள். உங்கள் எம்.எஸ்ஸி. தொலைநிலைக் கல்வியில் பெற்றதா என்று நீங்கள் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் பட்டத்தைச் சில நாடுகள் ஏற்காது. விண்ணப்பிக்கும்போதே பள்ளியிடம் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்ற கணக்கில் வருகிறது. படிகளைப் பெருக்கி அடிப்படையைச் சுருக்கினால் அதுவும் சுருங்கும். விமான டிக்கெட் எந்த ஊர்வரை, வாரத்துக்கு எத்தனை பீரியட், விடுதிப் பணிக்குத் தனி ஊதியமா, மகளின் கட்டணத்தில் எத்தனை பங்கு பள்ளியுடையது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மகளைப் பற்றி. முதல் ஆறு மாதம், வீடு அமைந்து நீங்கள் நிலைபெறும்வரை, அவள் பாட்டியிடம் இருப்பதில் தவறில்லை. அதற்கு மேல் நீட்டாதீர்கள். பிள்ளையின் கல்விக் கட்டணத்தைப் பள்ளியே ஏற்கும் வேலையைத் தேடுவதே அவளை உங்கள் கண்முன் வைத்துக்கொள்ளத்தானே? அமீரகத்தில் 2019 முதல் குடும்பத்தை அழைத்துக்கொள்ளத் தொழில் அல்ல, வருமானமே அளவுகோல். மனைவி பெயரிலும் கணவரும் பிள்ளையும் வரலாம். ஆனால் தேயிலைத் தொழிற்சாலை அனுபவத்துக்கு அங்கே வேலை கிடைப்பது அரிது என்பதால், உங்கள் கணவர் அந்த ஆண்டுகளில் என்ன செய்யப்போகிறார் என்பதை இருவரும் விண்ணப்பத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மகளுக்கு இப்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். அதில் அவள் பெயரோடு சேரும் தந்தை பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.